வரைபடம் போடும் முன் ஊரைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லையைச் சுற்றி நான்கு வழிச்சாலை ஓரமெல்லாம் கொடி நட்டு மனை விற்கிறார்கள். அரசுத் தரப்பிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்புகின்றன. வாசலில் இரண்டு சோலார் விளக்கு வைத்துவிட்டால் போதும், எல்லாமே இப்போது ‘பசுமைக் குடியிருப்பு’தான். நான் பாளையங்கோட்டையில் கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன். ஆயிரம் வீடு வரப்போகிற இடத்தில், அங்கே குடியேறப் போகிறவர்களையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதை அருகிலிருந்து பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டமும் கேட்கச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பெரிய தொழிற்சாலை வருகிறது என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். வீடுகளுக்கு அப்படியில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவதற்கு முன்அனுமதி வேண்டும். 400 சதுர அடியில் 1,000 வீடு என்றாலே 37,000 சதுர மீட்டர் வந்துவிடும். ஆனால் அதே அறிவிக்கை, கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது.

சரி, கேட்டால் என்னதான் தெரிந்துவிடும்? முதலில் தண்ணீரின் வழி தெரியும். தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். வெறும் தரிசாகக் கிடக்கிற இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எப்படித் திரும்பும் என்பது வயல்காரருக்கும் மடை திறக்கிறவருக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் கோடு போடுகிற எனக்குத் தெரியாது. கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் ஒதுங்கிக் கட்டுவோம். பட்டா நிலத்தின் மேல் வழிந்து போகிற தண்ணீருக்கு ஆவணம் ஏது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை ஜங்ஷனுக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததே, அப்போது தங்கள் பக்கம் எந்த வழியாக வந்தது, எவ்வளவு உயரம் நின்றது என்று ஊர்க்காரர்கள் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.

பெரிய மனைகளில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. அது வழக்கமாக, வீடு கட்ட லாயக்கில்லாத ஏதாவது ஒரு மூலையில் போய் விழும். அதையே வெள்ளம் போகிற வழியில் நீளவாக்கில் விட்டால் பத்து மாதம் பிள்ளைகள் விளையாடலாம், மீதி நாள் தண்ணீர் போய்க்கொள்ளலாம்.

அப்புறம், வீட்டுக்குள் நடக்கிற வேலை. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கமெல்லாம் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து வைத்து, வெட்டி, மடியில் சொளவோடு (முறத்தோடு) வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் இருக்கிற பழைய வளவு வீடுகளில் நாலு பேர் தார்சாவில், அதாவது காற்றோட்டமான முன்கூடத்தில், சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே சுற்றுவார்கள். தூள் காற்றோடு போய்விடும். அதே பெண் மூன்றாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றினால் புகையிலைத் தூள் முழுக்கப் பிள்ளை தூங்குகிற பாயில்தான் படியும். ஒவ்வொரு மாடியிலும் நாலு வீட்டுக்குப் பொதுவாக, மேல்காற்று வருகிற பக்கம் பார்த்து அகலமான ஒரு தார்சா விட்டால் தீர்ந்தது. என் கைக்கு வந்த எந்த மாதிரி வரைபடத்திலும் இது இருந்ததில்லை. கேட்டிருந்தால்தானே இருக்கும்.

கழிவுநீருக்கும் இதே கதைதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் கணக்கு. ஆயிரம் வீட்டில் வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால், 4,000 பேருக்கு 5.4 லட்சம் லிட்டர். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்ட் பில்லை யார் கட்டுவது, மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது என்று குடியேறுகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், அத்தனையும் பக்கத்து வாய்க்கால் வழியாக ஆற்றுக்குத்தான் வரும். சாம்பல் செங்கல், மழைநீர்த் தொட்டி போன்றவற்றைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதில் எனக்குக் கவலையில்லை.

கேட்டுக் கட்டுவதற்கு ஒரு படி மேலே போய், குடியேறுகிறவர்களையே கட்ட விட்ட இடமும் உண்டு. இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் சுமார் 6,500 மனைகள். ஏழைக் குடும்பங்களுக்கு அடித்தளமும் கழிப்பறையும் ஓர் அறையும் கட்டிக் கொடுத்து, மீதியை அவரவர் கையிருப்புக்குத் தகுந்தபடி கட்டிக்கொள்ள விட்டார்கள். 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதும் கிடைத்தது. அடுக்குமாடியைவிட இதற்கு நிலம் கூடுதலாகத் தேவைப்படும், உண்மைதான். ஆனால் நம் ஊரில் குடியேறப் போகிறவர்களிலேயே கொத்தனாரும் கையாளும் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

‘ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது’ என்பார்கள். புதிதாக எதையும் தொடங்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது; மாநகராட்சியில் வார்டு மக்கள் கூடுகிற பகுதி சபை இருக்கிறது. தீர்மானத்தை வாசித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைகிற கூட்டமாக அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பெண்களின் கருத்து வேண்டுமென்றால், அவர்கள் சுற்றிய பீடியைக் கடையில் போட்டுவிட்டுத் திரும்பிய பிறகு அவர்கள் தெருவுக்கே போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்று. வரைபடம் எல்லாருக்கும் படிக்க வராது. வீடு கட்டப்போகிற இடத்திலேயே ஒரு வீட்டை அசல் அளவில் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுக் காட்டினால், கட்டில் போட்டால் கதவு திறக்குமா, அடுப்பில் நிற்கிறவருக்குக் காற்று வருமா என்று உள்ளே நின்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரு மூட்டை சுண்ணாம்பும் ஒரு நாள் வேலையும்தான் செலவு. கூப்பிட்டால் நான் கூலி வாங்காமல் வந்து போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
கட்டட வரைவாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.