சமையல் பக்கத்தில் பருப்புக்கும் சொதிக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழின் சமையல் பக்கத்தைக் கத்தரித்துக் கோப்பில் வைத்துக்கொள்பவன் நான். அதில் பிரியாணி வருகிறது. தீபாவளி நெருங்கினால் முறுக்கும் அதிரசமும் வருகின்றன, நத்தாருக்குக் கேக் வருகிறது. பருப்புக்கறியோ சொதியோ வந்து நான் பார்த்ததில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறீர்கள் போலிருக்கிறது. எல்லோருக்கும் தெரியாது, ஐயா. வருகிற தை மாதம் எனக்குக் கல்யாணம். அதற்கு முன் சமையல் பழகிக்கொண்டிருக்கிறேன். என்னைப் போலப் புதிதாக அடுப்படிக்குள் நுழைபவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மூலை ஒதுக்கும்படி கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன், இருப்பது கொட்டாஞ்சேனையில் வாடகை அறை. காலையில் ரொட்டி, மதியம் பார்சல், இரவில் கொத்து அல்லது இன்னொரு பார்சல். கொழும்பில் தனியாக வேலை செய்கிற ஆண்கள் பலரின் சாப்பாடு இதுதான். எனக்கு மனைவியாக வரப்போகிறவர் திருகோணமலைக்காரர், இங்கே ஒரு வைத்தியசாலையில் தாதி. இரவு வேலை என்றால் மாலை 7 மணிக்குப் போய்க் காலை 7 மணிக்குத்தான் திரும்புவார்.

பெண் பார்க்கப் போன அன்று என் பெரியம்மா அவரிடம், "சமைக்கத் தெரியுமா பிள்ளை?" என்று கேட்டார். "டியூட்டி இல்லாத நாளில் சமைப்பேன் அம்மா" என்று அமைதியாகச் சொன்னார். அந்தக் கேள்வியை அங்கே ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இரவெல்லாம் நோயாளிகளோடு நின்றுவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வருகிறவர் தானே அடுப்பைப் பற்றவைத்துத்தான் சாப்பிட வேண்டுமா? அந்த நேரத்தில் வீட்டில் இருக்கப்போகிறவன் நான்.

எங்கள் பாடசாலையில் சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிவு செய்தபோது பெண் பிள்ளைகள் மனைப்பொருளியல் பக்கம் போனார்கள், நாங்கள் விவசாயத்துக்குப் போனோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படித்தான் போக வேண்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

எனக்குச் சமையல் சொல்லித் தருபவர் நான் இருக்கும் வீட்டின் உரிமையாளர். யாழ்ப்பாணத்து அம்மா, அறைகளில் இருக்கிற எல்லோருக்கும் அவர் அன்ரி. முதல் நாள் கத்தியையோ அகப்பையையோ அவர் என் கையில் தரவில்லை. "தம்பி, முதலில காஸைத் திறந்து பூட்டப் பழகும்" என்றார். 2021ஆம் ஆண்டின் கடைசியில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். அன்றிலிருந்து அவர் ரெகுலேட்டரைப் பூட்டாமல் படுக்கப் போவதில்லையாம். குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறப்பது, இவ்வளவும் முடிந்த பிறகுதான் பருப்பு. எந்தச் சமையல் குறிப்பிலும் இது இருப்பதில்லை. புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டும்.

அப்புறம் சொதி. தேங்காய்ப்பூவில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் முதலில் வருவது கெட்டிப்பால். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலில்தான் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாம் வேகின்றன. வெங்காயம் வெந்த பிறகு கெட்டிப்பாலை விட்டு, தீயைக் குறைத்து, அகப்பையால் துழாவிக்கொண்டே நிற்க வேண்டும். பொங்கி வரும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் பால் திரைந்துவிடும். தேசிக்காய்ப்புளி அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். ஏன் அப்படி என்று கேட்டால் அன்ரி அலுத்துக்கொள்வதில்லை. சுடச்சுட இருக்கும் பாலில் புளி விழுந்தால் பால் உடைந்து தண்ணீர் வேறு, திப்பி வேறாகப் போய்விடும் என்று காரணத்தோடு சொல்வார். காரணம் தெரிந்ததும் எனக்கு மற்றக் கறிகளும் விளங்கத் தொடங்கின. பருப்பு வெந்து மலர்ந்த பிறகு தேங்காய்ப்பால் விடுவதும், மீன் குழம்பில் கடைசியாகக் கெட்டிப்பால் சேர்ப்பதும் இதே கணக்குத்தான். காரணத்தைச் சொல்லித் தருகிற குறிப்புகள்தான் எங்களுக்குத் தேவை.

மீன் வாங்குவதையும் கூட்டிப்போய்க் காட்டினார். கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் சதை மேலே வர வேண்டும். எங்கள் அம்மா தொலைபேசியில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் சொல்லித் தருகிறார். மாவை எவ்வளவு பிசைவது என்பதைத் தொலைபேசியில் கேட்டுப் புரிந்துகொள்வது கஷ்டம், அதற்கு ஊருக்குப் போக வேண்டும்.

பழகப் பழக ஒன்று தெரிந்தது. அடுப்பை மூட்டுவதற்கு முன்னாலேயே பாதி வேலை இருக்கிறது. தேங்காய் முடிந்ததா, மிளகாய்த்தூள் எத்தனை நாளைக்கு வரும், நேற்றுப் பருப்பு என்றால் இன்று கீரை வாங்கலாமா, கடைசியில் தாச்சியையும் சிங்க்கையும் யார் கழுவுவது. எங்கள் வீடுகளில் இதையெல்லாம் தலையில் வைத்திருப்பது ஒரே ஆள், அம்மா. "நானும் இடைக்கிடை சமைப்பேன்" என்று சொல்கிற ஆண்கள் இந்தப் பாதியைத் தொடுவதில்லை. கல்யாணத்துக்கு முன் பழக வேண்டியது முக்கியமாக இதைத்தான் என்று நினைக்கிறேன்.

"கல்யாணம் கட்டினால் தானாக வந்துவிடும்" என்று கடையில் சொல்கிறார்கள். வரும், ஆனால் ஒருவருக்கு மட்டும் வரும். சின்ன வயதில் அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தவர் பெண் என்பதால் எல்லாம் அவர் மேல் விழும், பிறகு அது மாறவே மாறாது. இன்னொன்றும் உண்டு. இப்போது என் கறியில் உப்புக் கூடினால் அது வெறும் கறிதான். அன்ரி ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொல்வார், அவ்வளவுதான். புது வீட்டில், மாமியார் வந்திருக்கும் நாளில் ஒரு புது மருமகளின் கறியில் உப்புக் கூடினால் அதை எத்தனை வருடம் சொல்லிக் காட்டுவார்கள் என்பது உங்கள் வாசகிகளுக்குத் தெரியும். பெண்ணோ ஆணோ, பழகுகிற காலத்தை யாரும் எடை போடாத இடத்தில் கழிக்க வேண்டும்.

பணக்கணக்கும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது ஒரு வருடத்துக்குள் உணவு விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அந்த வேகம் பிறகு தணிந்தது, பார்சல் மட்டும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இரண்டு பேர் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து மூன்று வேளையும் கடையில் வாங்கிச் சாப்பிட முடியாது.

கடையில் என்னோடு வேலை செய்யும் கத்தோலிக்க நண்பர் திருமணத்துக்கு முன் கோயிலில் மணமக்களுக்கான வகுப்புக்குப் போய் வந்தார். சைவர்களான எங்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. காலி வீதியில் சுற்றுலா மற்றும் விருந்தக முகாமைத்துவ நிறுவகம் சமையல் கற்பிக்கிறது, ஆனால் அது ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் மண்டபம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. ஞாயிறு காலைகளில் இரண்டு அடுப்பு வைத்து, கைப்பக்குவம் உள்ள அம்மாமார் இரண்டு பேரை அழைத்து, கல்யாணம் ஆகப்போகிற ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பழக்கினால் வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கோயில் சபையினர் இதைப் படித்தால் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

அது நடக்கும்வரை உங்கள் பக்கம் உதவலாம். வாரத்துக்கு ஒரே ஒரு கறி போதும். இரண்டு பேருக்கான அளவு, ஒரு அடுப்பு, எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும். சோறும் பருப்பும் முதல் வாரம், சொதி இரண்டாவது வாரம், பிறகு ஒரு கீரை, ஒரு மீன் குழம்பு, புட்டு. அன்ரியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவருக்குக் கண் பார்வை குறைவு, எழுத முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, ஒவ்வொன்றையும் செய்து பார்த்த பிறகு உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். சம்மதம் என்றால் பத்திரிகையில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 13.