குழாயில் இடமிருக்கிறது, தெருவில் தண்ணீர் நிற்கிறது

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உன் மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஹாஸ்டல்ல இருந்து தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வருவாளே, அந்த வள்ளியோட பொண்ணா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடித்தான் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். நாங்கள் எல்லோரும் சுகம். பையனுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி ஓடுவதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் மதுரை ஆபீஸில் மழைநீர் வடிகால் கணக்குக்கு இன்னும் ஸ்வம் (SWMM) மென்பொருளின் 5.1 பதிப்புதான் ஓடுகிறது, 5.2-க்கு மாறினால் பலன் உண்டா என்று எழுதியிருந்தாய். மாறிவிடு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது, எனவே யாரிடமும் அனுமதி வாங்கி பட்ஜெட் போட வேண்டியதில்லை. பழைய கோப்பும் அப்படியே திறக்கும்.

மாறச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தெருவையும் குழாயையும் அது தனித்தனியாகப் பார்க்கிறது. இதுவரை நாம் என்ன செய்தோம்? ஒரு பகுதியில் விழும் மழையைக் கணக்குப் போட்டு நேரே மேன்ஹோலில் இறக்கினோம். தெருவில் ஓடுகிற தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குழாய்க்குள் போய்விடுகிறது என்று நாமே முடிவு கட்டிவிட்டு, அப்புறம் குழாய் தாங்குமா என்று பார்த்தோம். தாங்கினால் ரிப்போர்ட் பாஸ். ஆனால் மழை பெய்தால் அதே தெருவில் ஸ்கூட்டர் மூழ்குகிறது. மக்கள் வடிகால் சின்னதாகக் கட்டிவிட்டார்கள் என்று திட்டுகிறார்கள், அடுத்த டெண்டரில் குழாயைப் பெரிதாக்குகிறார்கள், தண்ணீர் மறுபடியும் மேலேயே நிற்கிறது. முன்பும் ஆரிஃபிஸ் (தண்ணீர் இறங்கும் துளை) வைத்துத் தெருவையும் குழாயையும் இரண்டு அடுக்காகப் போட வழி இருந்தது. ஆனால் சந்துக்குச் சந்து கையால் வரைய வேண்டும், அதற்கு யாருக்கும் நேரம் கிடைக்காது.

2022-இல் வந்த 5.2 இதை நேராகவே கையில் கொடுக்கிறது. தெருவின் நடுமேட்டிலிருந்து கர்ப் (ஓரக்கல்) வரை எத்தனை மீட்டர், பக்கச் சரிவு எவ்வளவு, கர்ப் உயரம் என்ன, ஓரத்தில் பள்ளம் உண்டா என்று கொடுத்தால் தெருவே ஒரு வாய்க்காலாகிவிடும். அந்த வாய்க்காலில் இன்லெட்டுகளை, அதாவது தெருத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் வாய்களை, பதிக்கலாம். கம்பிச் சல்லடை, கர்ப்பில் விட்ட திறப்பு, இரண்டும் சேர்ந்தது, நீளமான பிளவு, நம் இஷ்டப்படி செய்துகொள்ளும் வகை எல்லாம் இருக்கின்றன. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் ஹெச்.இ.சி.-22 கையேட்டு முறைப்படி எவ்வளவு தண்ணீர் உள்ளே போகும், எவ்வளவு தாண்டிப் போகும் என்று கணக்கிடுகிறது. சரிவில் இருக்கும் இன்லெட்டில் பிடிபடாத தண்ணீர் அடுத்த தெருவுக்கு ஓடும். பள்ளத்தில் இருந்தால் அங்கேயே தேங்கி, ஆழம் கூடக் கூட உள்ளே இறங்கும். குழாய் நிரம்பி வழிந்தால் அதே வாய் வழியாகத் தண்ணீர் தெருவுக்குத் திரும்பி வருவதையும் காட்டும். கடைசியில் வரும் தெரு அட்டவணையில் தண்ணீர் ரோட்டின் குறுக்கே எவ்வளவு தூரம் பரவியது, எத்தனை சதவீதம் பிடிபட்டது என்று எல்லாம் இருக்கும். கவுன்சிலர்களிடம் பேசும்போது குழாய் நிரம்பிய சதவீதத்தைச் சொல்வதைவிட, "பஸ் ஸ்டாப் வரைக்கும் தண்ணி வரும்" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், நீயும் பேப்பரில் போட்டுப் பார். ஒரு ஹெக்டேர், முழுக்க கான்கிரீட்டும் கூரையும், அதனால் வழிவுக் குணகம் (மழையில் வழிந்தோடும் பங்கு) 0.9. மழை மணிக்கு 60 மி.மீ. நம் பழைய 10 சி.ஐ.ஏ. சூத்திரப்படி (10 × குணகம் × மழை × ஹெக்டேர்) மணிக்கு 540 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 150 லிட்டர். கீழே 450 மி.மீ. கான்கிரீட் குழாய், 200-க்கு 1 சரிவு. மேனிங் சொரசொரப்பு எண் 0.013 போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 200 லிட்டர் கொண்டுபோகும். குழாயில் இடம் தாராளம். இப்போது கர்ப்பைப் பார். இங்கே நிறையத் தெருக்களில் கர்ப் கல்லில் ஒரு சின்ன வட்ட ஓட்டைதான் இன்லெட். 100 மி.மீ. ஓட்டை என்று வைத்துக்கொள். தண்ணீர் 15 செ.மீ. கர்ப்பின் உச்சி வரை நின்று அழுத்தினாலும் அந்த ஓட்டை வழியாக விநாடிக்கு ஆறேழு லிட்டர்தான் போகும். பத்து ஓட்டை இருந்தாலும் 65 லிட்டர் சொச்சம். பாதி அடைத்திருந்தால் அதிலும் பாதி. அப்போது மிச்சம் நூறு லிட்டருக்கு மேல் ஒவ்வொரு விநாடியும் தெருவிலேயே இருக்கிறது, கீழே குழாய் முக்கால்வாசி காலி. இதை நான் படம் போட்டு ஒரு கூட்டத்தில் காட்டியபோது, குழாயை 600 மி.மீ. ஆக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

இன்லெட்டைப் பதிக்கும் பெட்டியில் "அடைப்பு சதவீதம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, பார். புதுப் பதிப்பு முழுவதிலும் எனக்கு மிக வேண்டிய கட்டம் அதுதான். நம் ஊர்களில் அந்த எண் என்ன என்று எந்தக் கையேட்டிலும் கிடைக்காது, தெருவில்தான் கிடைக்கும். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைப் பக்கம் காலையில் பெருக்கும் துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர் இருக்கிறார், பூர்வீகம் சேலம் பக்கம். எந்த ஓட்டை எப்போது அடைக்கும் என்று அவரிடம் கேட்டேன். புங்கை இலை உதிர்கிற மாதத்தில் இந்தப் பக்கம் முழுக்க, கல்யாண மண்டபம் இருக்கிற தெருவில் எப்போதும், தார் போட்ட மறுநாள் எல்லா இடத்திலும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு கர்ப் கல்லைக் குச்சியால் குத்திக் காட்டினார். ஓட்டையின் கீழ்ப்பாதி தாருக்குள்ளே புதைந்திருந்தது, மேல்பாதியில் ஒரு பால் பாக்கெட் உறையும் ஈர மண்ணும். மேலே மேலே தார் போட்டதில் கர்ப்பே பாதி உயரம்தான் வெளியே தெரிகிறது. டிராயிங்கில் அது 15 செ.மீ., அங்கே ஸ்கேல் வைத்தால் பாதிகூட இல்லை. அந்தத் தெருவுக்கு நான் கொடுத்த அடைப்பு 75 சதவீதம், கர்ப் உயரமும் அளந்ததுதான். மாடலில் தண்ணீர் நின்ற இடங்களும் கடைக்காரர்கள் காட்டிய இடங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன.

வள்ளி, இதில் எனக்கு உண்மையாகவே ஒரு நிறைவு இருக்கிறது. அந்த அக்காவுக்கு தினமும் தெரிந்திருப்பது இத்தனை வருஷம் நம் கணக்குக்குள் நுழைய இடமே இல்லாமல் இருந்தது. இப்போது ஒரு கட்டம் இருக்கிறது. இன்லெட்டை வாரம் ஒரு முறை சுத்தம் செய்தால் தெருவில் நீர் எத்தனை செ.மீ. குறையும் என்று பணம் ஒதுக்குகிறவரிடம் எண்ணாகச் சொல்ல முடிகிறது. ஒன்று மட்டும் கவனி: மழையின்போது குப்பை சேரச் சேர அடைப்பு கூடும், மென்பொருளோ ஒரு ஓட்டத்துக்கு ஒரே எண்ணைத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் 0, 25, 50, 75 என்று மாற்றி மாற்றி ஓட்டு. உள்ளீட்டுக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், பைதானில் நிரல் எழுதத் தெரிந்த சின்னப் பையன் யாராவது இருந்தால் ஒரு மாலையில் எல்லாவற்றையும் ஓட்டித் தந்துவிடுவான். நம் கர்ப் ஓட்டைக்கு அவர்களின் வகைகள் எதுவும் சரியாகப் பொருந்தாது. இஷ்டப்படி செய்யும் வகையை எடுத்து, ஆழத்துக்கு எவ்வளவு லிட்டர் என்று நீயே ஒரு வளைகோடு கொடுத்துவிடு.

மற்ற புதுசுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்த்தேக்கத் தொட்டிக்கு கூம்பு, பிரமிடு மாதிரி வடிவங்கள் வந்திருக்கின்றன. நம் கண்மாய்க்கெல்லாம் ஆழம்-பரப்பு அட்டவணைதான் சரி, அதனால் அதைத் தொட வேண்டாம். பம்ப் கட்டுப்பாட்டு விதிகளில் இப்போது பெயர் வைத்த மாறிகளும் கணக்குக் கோவைகளும் எழுதலாம். இரண்டு கிணறுகளின் மட்ட வித்தியாசத்தைப் பார்த்து பம்பை ஓட்டு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வேகம் மாறும் பம்புக்கும் தனி வகை வந்திருக்கிறது. உன் பாதாளச் சாக்கடை பம்பிங் ஸ்டேஷனுக்கு இரண்டும் உதவும்.

பாதாளச் சாக்கடை என்றதும் நினைவுக்கு வருகிறது. மழை பெய்தால் மேன்ஹோல் மூடி தூக்குகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குக் குழாய் நிரம்பி அழுத்தத்தில் ஓடும் நிலையைச் சரியாகக் கணக்கிட வேண்டும். உங்கள் 5.1-இன் கடைசிப் பதிப்புகளிலேயே பிரைஸ்மன் பிளவு என்ற தேர்வு இருக்கும், 2018-இல் சேர்த்தார்கள். குழாயின் உச்சியில் மெல்லிய ஒரு பிளவு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, நிரம்பிய குழாயையும் திறந்த வாய்க்கால் சமன்பாட்டிலேயே ஓட்டுகிற முறை. கால இடைவெளியைச் சின்னதாக வை, இல்லாவிட்டால் எண்கள் ஆட்டம் போடும். அதைவிட முக்கியம், மழைநீர் சாக்கடைக்குள் எப்படி வருகிறது என்பது. மொட்டைமாடிக் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் இணைத்த வீடுகள் இங்கேயும் ஏராளம். தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. இன்லெட் அடைத்த தெருவில்தான் அது அதிகம் நடக்கும். அதனால் மழைநீர், சாக்கடை இரண்டு குழாய் வலைகளையும் ஒரே மாடலில் வைத்துப் பார்.

இங்கே நிலைமையையும் கேட்டிருந்தாய். 2022 செப்டம்பரில் ஒரே இரவில் 130 மி.மீ.க்கு மேல் கொட்டி, வெளிவட்டச் சாலைப் பக்கம் ஜனங்களை டிராக்டரில் ஏற்றிப் போனதை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். அந்த மாதிரி மழைக்கு இன்லெட் மட்டும் பதில் சொல்லாது. பெங்களூரு மேட்டில் இருக்கிற ஊர், மழை விருஷபாவதி, கோரமங்களா-செல்லகட்டா, ஹெப்பாள் என்று மூன்று பள்ளத்தாக்குகளில் பிரிந்து இறங்கும். ராஜகாலுவே என்று இவர்கள் சொல்வது நம் ஊர் வரத்துக்கால்தான், ஏரிக்கு ஏரி தண்ணீர் கொண்டுபோகிற வழி. அது குறுகிப்போன இடங்களில், கீழே ஏரி நிரம்பி நிற்கும்போது, தண்ணீர் பின்னால் எழும்பும். மாடலின் கடைசி முனையில் ஏரி மட்டத்தைக் கொடுக்காமல் தண்ணீர் தடையில்லாமல் விழுகிறது என்று விட்டுவிட்டால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் காட்டும். உங்கள் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் 2024 அக்டோபர் மழையில் நிரம்பி வழிந்ததை நினைத்துப் பார். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நிற்கிற சாக்கடை கலந்த தண்ணீர் கடைசியில் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போகிறது. நுரை வந்தால் அந்தப் பக்கத்து விவசாயிகள்தான் பார்க்கிறார்கள். இங்கே ஒரு மேன்ஹோலைச் சரிசெய்யும்போது அவர்களும் என் மனதில் வருவார்கள்.

இந்த மென்பொருள் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கர்ப்பைத் தாண்டி காம்பவுண்டுக்குள் நுழைந்து வீடு வீடாகப் பரவுவதை அது காட்டாது. அதற்கு இரு பரிமாண மாடல் வேண்டும், காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் உங்களிடம் நல்ல தரைமட்ட அளவு இல்லாமல் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். முதலில் மழைத் தரவைச் சரிசெய். நாள் மொத்தத்தை 24 மணிக்கும் பரப்பிக் கொடுத்தால் உச்சமே காணாமல் போகும். இங்கே மாநிலப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் தானியங்கி மழைமானிகள் 15 நிமிஷத்துக்கு ஒரு முறை அளவு தருகின்றன, அதனால் எனக்கு வசதி. மதுரையில் அப்படி எது கிடைக்கும் என்று விசாரி. கல்லூரியிலோ விமான நிலையத்திலோ கேட்டுப் பார்க்கலாம்.

செல்லூர்ப் பக்கத்துக் கோப்பை எனக்கு அனுப்பிவை, தெரு அடுக்கை நான் போட்டுத் தருகிறேன். இன்வர்ட் லெவல்கள் (குழாயின் உள் அடிமட்டங்கள்) எந்த பெஞ்ச்மார்க்கை, அதாவது எந்த உயரக் குறியீட்டை, வைத்து எடுத்தவை என்று தவறாமல் எழுது. முடிந்தால் மழைக்கு முன்னால் ஒரு காலை, பெருக்குகிறவர்கள் வருகிற நேரத்தில், நீயே ஒரு ஸ்கேலோடு அந்தத் தெருக்களில் நடந்து கர்ப் உயரத்தையும் அடைப்பையும் குறித்து அனுப்பு. பையன் பரீட்சை முடிந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரைக்கு வரலாம் என்று இருக்கிறோம். சித்திரைத் திருவிழாவோடு சேர்த்து வரச் சொல்கிறார் அம்மா. அந்தக் கூட்டத்தில் அவரால் நிற்க முடியுமா என்று யோசனையாக இருக்கிறது. உனக்கு எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று எழுது.

அன்புடன்,
கலா