பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட பாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவினருக்கு வணக்கம்.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு மலைப்பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். அண்மையில் ஓர் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை, அதாவது ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மரபறிவையும் எழுதிவைக்கும் ஏட்டை, பார்த்தேன். ‘நாட்டு மருத்துவம் அறிந்தோர்’ என்ற கட்டத்தில் ஒரே சொல்: ‘இல்லை’. அந்த ஊராட்சிக்கு உட்பட்ட காணிப் பழங்குடியினரின் குடியிருப்பில்தான், ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்த என் கணுக்காலுக்குப் பச்சிலை அரைத்துக் கட்டிய பாட்டி இருக்கிறார்.

கால் தேறியபின் அவரோடு ஒருநாள் நன்னாரி எடுக்கப் போனேன். கொடியைச் சுற்றி மண்ணைக் கையாலேயே பறித்தார். ஒரு பக்கத்து வேரை மட்டும் அறுத்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தொடாமல் மண்ணை மூடிக் காலால் அமுக்கினார். மிச்சத்தையும் இழுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, “அது அடுத்த மழைக்கு, மக்கா” என்றார். பதிவேட்டில் நன்னாரி இருக்கிறது. எவ்வளவு எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பது இல்லை.

அவசரம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2020 ஜனவரிக்குள் எல்லா ஊராட்சிகளிலும் பதிவேடு முடிய வேண்டும், தவறினால் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். கெடுவுக்குள் கட்டங்களை நிரப்பியாக வேண்டிய நெருக்கடி. ஆனால் காணிகளின் அறிவை அவசரத்தில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இதே அகத்தியர் மலை நமக்குக் காட்டியிருக்கிறது.

1987இல் மலையேறிய தாவரவியல் அறிஞர் புஷ்பாங்கதனின் குழுவினருக்கு, களைப்பே தெரியாமல் முன்னால் நடந்த காணி வழிகாட்டிகள் ஒரு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோடு ஊரிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற களைப்பு நீக்கும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தந்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. உலகமே பாராட்டிய ஏற்பாடு அது. நானும் மதிக்கிறேன். ஆனால் காணிகளுக்கான அறக்கட்டளை 1997இல்தான், உரிமம் கைமாறிய பிறகு, பதிவானது. ‘எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்காதீர்கள்’ என்று பிலாத்திகள் சிலர், அதாவது காணிகளின் வைத்தியர்கள், 1995லேயே கேரள முதல்வருக்கு எழுதியிருந்தார்கள். அறக்கட்டளையும் கேரளக் காணிகளுக்கானது. அதே மலையின் இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் வாழும் நம் காணிகள் அதில் இல்லை.

முதலில் கேட்டிருக்க வேண்டியவர்களைக் கடைசியில் கேட்டார்கள். பதிவேட்டிலும் அதுவே நடக்கிறது என்பதுதான் என் வருத்தம். பல்லுயிர் தொடர்பான மரபறிவு சமூகத்தின் உரிமை என்று 2006 வன உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2023 பல்லுயிர்ச் சட்டத் திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன்பகிர்விலிருந்து, அதாவது கிடைக்கும் பலனில் சமூகத்துக்குப் பங்கு தருவதிலிருந்து, விலக்கு தந்துவிட்டது. பாட்டியின் அறிவு எந்த நூலிலும் இல்லை. அது அவருடையது என்று சொல்ல ஊராட்சியிடம் இருக்கும் ஒரே தாள் இந்தப் பதிவேடு. அதிலும் ‘இல்லை’ என்றால், நாளை யாரிடம் போய்ப் பங்கு கேட்பார்?

ஆகவே கேட்கிறேன். பதிவேட்டைத் திருத்தும் கூட்டத்தை ஊராட்சி அலுவலகத்தில் வைக்காமல் குடியிருப்பிலேயே வையுங்கள். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதை அவர்களே சொல்லட்டும். பிலாத்தி சொல்ல மறுக்கும் செடியை வற்புறுத்திக் கேட்காதீர்கள். ‘சொல்ல விரும்பவில்லை’ என்று எழுதினால் போதும். எழுதியதை உரக்கப் படித்துக்காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஒரு படி குடியிருப்பிலேயே இருக்கட்டும்.

காலையில் போகாதீர்கள், ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருப்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போனால் பாட்டி வீட்டில் இருப்பார். வழிகாட்ட நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர்