கலைவாணரின் குரலைக் காக்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை இன்றைய தலைமுறை, தொலைக்காட்சியில் எப்போதாவது வரும் பழைய படங்களின் சில நிமிடக் காட்சிகள் வழியாகவே அறிந்திருக்கிறது. வில்லுப்பாட்டில் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் தேர்ந்து, 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ மூலம் திரைக்கு வந்தவர் அவர். பின்னாளில் ‘மணமகள்’, ‘பணம்’ ஆகிய படங்களை இயக்கவும் செய்தார். திரைப்படம் அவருடைய கலையின் ஒரு பகுதி மட்டுமே. மேடையிலும் கிராமபோன் தட்டிலும் அவர் செய்தவற்றில் எஞ்சியிருப்பதைத் திரட்டி, ஒலிவடிவில் மக்களுக்குத் திருப்பித் தரும் பணியை எங்கள் குழு மேற்கொண்டுள்ளது. அதற்காகவே தங்கள் உதவியை நாடுகிறோம்.

அவருடைய நகைச்சுவையின் முழு வீச்சையும் உணர ‘கிந்தனார்’ ஒன்றே போதும். நந்தனார் சரித்திரத்தைப் பாகவதர்கள், பாட்டும் உரையுமாகக் கதை சொல்லும் எந்தக் கதாகாலட்சேப முறையில் பாடிவந்தார்களோ, அதே முறையை எடுத்துக்கொண்டு, சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனின் இடத்தில் பள்ளிப் படிப்புக்கு ஏங்கும் ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவனை அவர் நிறுத்தினார். அவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பும் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள், தாங்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதையும் தெரிந்துகொண்டுதான் எழுந்து சென்றிருப்பார்கள். உடுமலை நாராயணகவியின் எழுத்தும் கலைவாணரின் குரலேற்ற இறக்கமும் சேர்ந்து உருவான இந்தக் காலட்சேபம், 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இடம்பெற்றதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. திரைக்கு வராமல் மேடையோடு நின்றுபோனவற்றுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை.

கலைவாணரின் மனைவியும் அவருடன் இணைந்து நடித்தவருமான டி.ஏ. மதுரம் அம்மையாரின் பங்கையும் இத்திட்டம் உரிய இடத்தில் வைக்கும். 1944 இறுதியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதாகி, 1947இல் விடுதலையாகும் வரை, நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைக் கலையவிடாமல் காத்தவர் அவர். அந்தக் காலத்து நாடகங்களின் நோட்டீசுகளும் கையெழுத்துப் பிரதிகளும் யாருடைய பரணிலாவது இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் தேடிவருகிறோம்.

பணம் எதற்கு என்பதைத் தெளிவாகச் சொல்வது எங்கள் கடமை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. கீழே விழுந்தால் நொறுங்கும், ஒவ்வொரு முறை இரும்பு ஊசி ஓடும்போதும் தேயும். ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான ஒலிதான். அந்த அகன்ற வரிப்பள்ளத்துக்கு ஏற்ற தனி ஊசி, சுழல்வேகத்தைத் துல்லியமாகத் திருத்தும் கருவி, தரம் குறையாமல் பதிவு செய்யும் வசதி, இவ்வேலை தெரிந்த ஒலிப்பொறியாளரின் உழைப்பு ஆகிய அனைத்தும் தேவைப்படுகின்றன. பதிவில் உள்ள இரைச்சலை ஓரளவே நீக்குவோம். அளவுக்கு மீறினால் அவருடைய மூச்சும் சேர்ந்து போய்விடும்.

இவற்றை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஒலித்தொடரும், குமரி மாவட்ட வில்லுப்பாட்டுக் கலைஞர்களைக் கொண்டு ஒரு மேடை நிகழ்ச்சியும் தயாரிக்க இருக்கிறோம். சுப்பு ஆறுமுகம் போன்ற வில்லுப்பாட்டுப் பெருங்கலைஞரை இளம் வயதிலேயே இனங்கண்டு வாய்ப்பளித்தவர் கலைவாணர். அவர் பெயரால் நடக்கும் நிகழ்ச்சியில் வில்லடிப்பவருக்கும் குடம் தட்டுபவருக்கும் உடுக்கு அடிப்பவருக்கும் குறைவில்லாத ஊதியம் தரப்பட வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். கைக்கு வந்ததையெல்லாம் பிறருக்கு அள்ளிக் கொடுத்தவரின் நினைவில் கலைஞரிடம் இலவச உழைப்புக் கேட்பது முறையாகாது.

முதற்கட்டப் பணிகளுக்கு ஆறு லட்சம் ரூபாய் தேவை என மதிப்பிட்டுள்ளோம். நூறு ரூபாயானாலும் நன்றியோடு ஏற்று, ரசீது வழங்குவோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு, நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். முடிந்த ஒலிப்பதிவுகள், உரிமைச் சட்டம் இடம்தரும் அளவில், கட்டணமின்றிக் கேட்கக் கிடைக்கும், விற்பனைக்கு அல்ல.

பணத்தைவிட அரிய உதவி ஒன்றும் உண்டு. தங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கலைவாணர், மதுரம் இருவரின் தட்டுகள், அந்தக் காலப் படப் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள் இருந்தால் தெரிவியுங்கள். பதிவு செய்தபின் பத்திரமாகத் திருப்பித் தருவோம். விரிசல் விட்ட தட்டையும் ஒதுக்கிவிட வேண்டாம். தூசி படிந்திருந்தால் ஸ்பிரிட் கொண்டு துடைக்காதீர்கள், அது அரக்கைக் கரைத்துவிடும். உறையோடு செங்குத்தாக நிறுத்திவைத்து எங்களுக்குச் சொல்லியனுப்பினால், நாங்களே வந்து பெற்றுக்கொள்வோம்.

இங்ஙனம்,
திட்டக் குழுவினர்,
நாகர்கோவில்.