மே விடுமுறையில் மாரா ஆற்றங்கரைப் பயணம் இனி இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில், மாரா ஆற்றங்கரை விடுதிகளில் குடும்பத்தோடு தங்கிவரும் பயணத்தை நாங்கள் இதுவரை ஏப்ரல், மே மாதங்களிலும் நடத்திவந்தோம். இனி அந்த இரு மாதங்களுக்கும் முன்பதிவு ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முன்பணம் கட்டியவர்கள் சிலர், "பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதே அப்போதுதானே" என்று வருத்தத்தோடு கேட்டதால், காரணத்தை விரிவாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நமக்குக் கோடையாக இருக்கும் அந்தக் காலம் கென்யாவுக்கு நீண்ட மழைக்காலம். மாரா ஆறு மௌ மலைக்காடுகளில் பிறந்து, ஏறத்தாழ 395 கிலோமீட்டர் ஓடி, தான்சானியாவில் விக்டோரியா ஏரியைச் சேர்கிறது. ஆகவே விடுதி இருக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், மேலே மலையில் பெய்த மழை ஓர் இரவுக்குள் ஆற்றை உயர்த்திவிடும். 2024 மே மாதத் தொடக்கத்தில் துணையாறான தலெக் கரைபுரண்டு, கரையோர முகாம்கள் மூழ்கி, சுற்றுலா வந்தவர்களை மீட்க நேர்ந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வராத ஆண்டிலும் தொல்லை உண்டு. மாராவில் பரந்து கிடப்பது கரிசல் மண். மழையில் நனைந்த கரிசலில் வண்டி ஓட்டிய யாருக்கும் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் மே மாதத்தில் அனுப்பிவைத்த ஒரு குடும்பம், இரண்டு சிறுவர்களோடு, சேற்றில் புதைந்த ஜீப்பிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது. நம் ஊரைப் போல ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தள்ளலாம் என்றால், சுற்றிலும் சிங்கம் படுத்தால் தெரியாத உயரத்துக்குப் புல். ஓட்டுநர் யாரையும் இறங்க விடவில்லை, அது சரியும்கூட.

இதற்கு மாற்றாக, செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறையைப் பரிந்துரைக்கிறோம். தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளியிலிருந்து புல்லைத் தேடி வடக்கே வரும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் மந்தைகள் பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை மாராவில் இருக்கும். அவை ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகத்தான் பலரும் போகிறார்கள். ஆனால் அந்தக் காட்சி கிடைக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து, நண்பகல் வரை நின்று, பிறகு ஒரு முதலையைக் கண்டோ காரணமே இல்லாமலோ அவை திரும்பிப் போவதும் உண்டு. மூன்று இரவாவது தங்குங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

செலவு கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. காப்பகத்துக்குள் தங்கும் வெளிநாட்டவருக்கு, 12 மணி நேரத்துக்கான நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 50 டாலர். பெற்றோர் இருவரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றும் மூன்று நாளுக்கு மே மாதத்தில் 750 டாலர் கட்டினால், செப்டம்பரில் 1,350 டாலர் கட்ட வேண்டும். இந்த உயர்வில் எங்களுக்கு ஒரு காசும் சேர்வதில்லை.

பிள்ளைகளின் வயதை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஆற்றங்கரை விடுதிகள் பலவற்றுக்கு வேலி கிடையாது. பகலெல்லாம் நீரில் கிடக்கும் நீர்யானை, இருட்டியதும் புல் மேயக் கரையேறி, அறைகளுக்கு நடுவிலேயே நடமாடும். அதற்கும் ஆற்றுக்கும் குறுக்கே மனிதர் போய்விட்டால் அதுதான் ஆபத்து. அதனால் இருட்டிய பிறகு அஸ்கரி எனப்படும் காவலர் துணையின்றி யாரும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. ஓடியாடும் நான்கு வயதுக் குழந்தையை இப்படிக் கட்டுக்குள் வைப்பது எளிதல்ல. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு, ஆற்றைவிட்டுத் தள்ளி, வேலியிட்ட விடுதிகளையே ஏற்பாடு செய்கிறோம். அங்கிருந்தும் பகலில் ஆற்றுக்குப் போய்வரலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்புவோரை நம் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி உண்டு. அறுபது வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டியை அழைத்துச் செல்வோர் இந்த ஊசி குறித்தும், குடும்பத்தில் எல்லோருக்குமான மலேரியா மாத்திரை குறித்தும் தங்கள் மருத்துவரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

சைவ உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சப்பாத்தி கென்யர்களின் வீட்டுச் சாப்பாடு. வழியில் கொறிக்க முறுக்கு, சீடை எடுத்துப்போவோர் பாலிதீன் பையைத் தவிர்த்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் புறப்படும் சிறு விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில்.

மே மாதப் பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் அதைக் காலாண்டு விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் பிடித்தமின்றி முழுத்தொகையையும் திருப்பித் தருகிறோம். எதுவாயினும் இம்மாத இறுதிக்குள், பிள்ளைகளின் வயதையும் பள்ளி விடுமுறைத் தேதிகளையும் குறிப்பிட்டு, எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுப் பிரிவினர்