ஜெனரேற்றர் வாங்க முன் கிணற்று மோட்டாரைப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெற்றோலிலும் சமையல் காஸிலும் மாற்றி மாற்றி இயக்கக்கூடிய சிறிய ஜெனரேற்றர்கள் இப்போது யாழ்ப்பாணத்துக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. மாரி நெருங்கும்போது அவற்றை வாங்குவோரும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் சொல்லி எடுப்பிப்போரும் கூடிவிடுகின்றனர். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வாற்று எண்ணையும் விலையையும் மட்டும் பார்த்து இந்த இயந்திரத்தைத் தெரிவுசெய்வது பணத்துக்கும், சில வேளைகளில் உயிருக்குமே கேடாக முடியும். ஆகவே எமது குடாநாட்டு வீடுகளுக்கு எது பொருந்தும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு எரிபொருளில் ஓடும் இயந்திரம் எமக்குப் புதியதல்ல. 1990களில் மின்சாரமும் பெற்றோலும் இல்லாதிருந்த காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கிறது. தோட்டங்களில் வோட்டர் பம்பும் அப்படித்தான் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டது. ஓர் எரிபொருள் கிடைக்காதபோது மற்றையது கைகொடுக்கும் என்பதே இதன் பயன். எனினும் இந்தப் பயனுக்கும் ஓர் எல்லை உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, பெற்றோலுக்கும் வரிசை, காஸுக்கும் வரிசை என்ற நிலையே இருந்தது. அத்தகைய நெருக்கடிக்கு எந்த ஜெனரேற்றரும் முழுமையான விடையாகாது. 2020 டிசம்பரில் வந்த புரெவி போன்ற புயல்களாலோ, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதும் மின்சாரத்தை நிறுத்தியது போன்ற நிகழ்வுகளாலோ ஏற்படும் சில மணித்தியால, சில நாள் தடைகளுக்கே இது உகந்தது. மின்சாரம் இல்லாவிட்டால் எரிபொருள் நிலையத்திலுள்ள பம்பும் நின்றுவிடக்கூடும் என்பதால், வீட்டில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் காஸ் சிலிண்டர் அந்த நாட்களில் பெரும் உதவியாக அமையும்.

இனி, எத்தனை வாற்று இயந்திரம் வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். கடைகளில் பொதுவாக மின்குமிழ், மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைக் கூட்டிக் கணக்குச் சொல்வார்கள். எல்ஈடி மின்குமிழ் ஒன்றுக்கு 9 வாற்று, மின்விசிறிக்கு 75 வாற்று, சாதாரண குளிர்சாதனப் பெட்டிக்கு 150 வாற்று அளவில் என்று பார்த்தால் 1,000 வாற்று இயந்திரமே தாராளம் என்று தோன்றும். ஆனால் குழாய் நீர் வராத பெரும்பாலான யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் நின்றுபோவது கிணற்று மோட்டார்தான். மேலே உள்ள தண்ணீர்த் தாங்கி காலியானதும் குசினி, குளியலறை எல்லாமே முடங்கிவிடும். துலாவும் கப்பியும் இருந்த கிணறுகளில் பலவற்றுக்கு இன்று கொங்கிரீட் மூடி போட்டாயிற்று. வயதான தாய் தந்தையர் மட்டும் இருக்கும் வீட்டில் வாளியால் தண்ணீர் அள்ளவும் ஆளில்லை.

ஒரு குதிரைவலு மோட்டார் என்பது 746 வாற்று வேலை செய்யும் மோட்டார். அதற்காக அது மின்னிணைப்பிலிருந்து எடுப்பதோ 1,000 வாற்றுக்கு மேல். அது ஓடத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில் வழக்கத்தைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கண நேரச் சுமையைத் தாங்க முடியாத ஜெனரேற்றர் உறுமித் தாழ்ந்து, மின்னழுத்தம் விழுந்து, மோட்டார் சுழலாமல் முனகிக்கொண்டு நிற்கும். அப்படியே விட்டால் மோட்டாரின் சுருள் எரிந்துவிடும். ஆகவே ஒரு குதிரைவலு மோட்டார் உள்ள வீட்டுக்கு, தொடர்ந்து தரக்கூடிய அளவு 3,000 வாற்றுக்குக் குறையாத இயந்திரமும், அரைக் குதிரைவலு மோட்டாருக்கு 2,000 வாற்று அளவிலான இயந்திரமும் வேண்டும் என்பது எனது கருத்து. மோட்டாரின் உடம்பில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டில் குதிரைவலு, அம்பியர் இரண்டும் எழுதப்பட்டிருக்கும். அதைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது பாதி வேலையை முடித்துவிடும். வாங்கிய பின்னரும், வேறு எதையும் போடாமல் முதலில் மோட்டாரை இயக்கித் தாங்கியை நிரப்பி, அதை நிறுத்திய பின்னரே மற்றவற்றை இணைப்பது நல்லது. அப்படிச் செய்தால் பெரிய இயந்திரத்துக்கு வீண் செலவு செய்ய வேண்டியதில்லை. கேத்தில், ஸ்திரிக்கைப் பெட்டி போன்றவற்றை மின்தடை நேரத்தில் மறந்துவிடுவதே மேல்.

பெட்டியில் உள்ள பெரிய எண் பெரும்பாலும் கண நேர உச்ச அளவே தவிர, தொடர்ந்து தரும் அளவு அல்ல. அதுவும் பெற்றோலில் ஓடும்போது தரும் அளவு. காஸில் ஓடும்போது அதே இயந்திரம் ஏறத்தாழ பத்து வீதம் குறைவாகவே தரும். வாயு நிலையில் உள்ளே போகும் எரிபொருள், சிலிண்டருக்குள் போக வேண்டிய காற்றின் இடத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதே அதற்கு முக்கிய காரணம். எனவே 'காஸில், தொடர்ந்து, எத்தனை வாற்று?' என்று கேட்டு, அந்த எண்ணை வைத்தே தீர்மானிக்க வேண்டும். வாற்றுக்குப் பதிலாகக் கிலோ வோல்ற்று அம்பியரில் (kVA) எழுதியிருந்தால் அதில் எண்பது வீதத்தையே கிலோவாற்றாகக் கொள்வது பொதுவான வழக்கம்.

அடுத்ததாகக் கூறப்போவது எம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். எமது ஒழுங்கையில் உள்ள ஒரு வீட்டுக்குக் கனடாவிலிருந்து மகன் அனுப்பிய புத்தம் புதிய இயந்திரம் ஒன்று கப்பலில் வந்து சேர்ந்தது. பெற்றோரின் மேல் உள்ள அக்கறையால் அனுப்பப்பட்ட, விலையுயர்ந்த, தரமான இயந்திரம் அது. ஆனால் அதன் தகட்டில் 120/240 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு மின்னோட்டம் மாறும் தடவை, அதாவது அதிர்வெண்), நிமிடத்துக்கு 3,600 சுற்று என்று எழுதியிருந்தது. எமது மின்சாரமோ 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் ஒன்றைப் போட்டு 120ஐ 230 ஆக்கினாலும் 60 ஹேர்ட்ஸ் 50 ஆகாது. 50 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்ட கிணற்று மோட்டார் அதில் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுழலும். பம்பின் சுமையோ வேகத்தின் மும்மடிக்கு (1.2 × 1.2 × 1.2) ஏற்பக் கூடுவதால் ஒன்றே முக்கால் மடங்கை நெருங்கி, மோட்டார் சூடாகி எரியும். அதிலுள்ள 240 வோல்ற்று இணைப்பும் எமது வீட்டு இணைப்பைப் போன்றதல்ல. எமது இணைப்பில் ஒரு கம்பியில் மட்டுமே மின்னழுத்தம் இருக்க, அதன் இரண்டு கம்பிகளிலும் தலா 120 வோல்ற்று இருக்கும். இவை போதாதென்று, அதன் காஸ் குழாயின் திருகு வாய் எமது சிலிண்டரின் வாயுடன் பொருந்தாது. ரப்பர் குழாயை வெட்டி, கம்பியால் சுற்றிக் கட்டி அதைப் பொருத்தித் தருவதற்கு ஒருவர் முன்வந்தபோது அந்தப் பெரியவர் உறுதியாக மறுத்துவிட்டது சரியான முடிவு. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இயந்திரத்தை அங்கே வாங்கி அனுப்பாதீர்கள், பணத்தை அனுப்புங்கள். இங்கே வாங்கினால் மின்னழுத்தம், அதிர்வெண், காஸ் றெகுலேற்றர் மூன்றையும் பொருத்திப் பார்த்து எடுக்கலாம், உதிரிப்பாகமும் கிடைக்கும்.

இரும்புச் சட்டகத்துக்குள் திறந்தபடி இருக்கும் சாதாரண வகையா, உண்டாக்கிய மின்சாரத்தை மின்னணுச் சுற்றால் சீராக்கித் தரும் இன்வேர்ட்டர் வகையா என்பதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இன்வேர்ட்டர் வகை சத்தம் குறைந்தது, சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கும், கணினிக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் ஏற்ற சீரான மின்சாரம் தரும். இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியோ, ஒட்சிசன் செறிவாக்கியோ உள்ள வீட்டுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். விலை அதிகம், பழுதானால் திருத்துவதும் கடினம். மோட்டாரும் மின்குமிழும்தான் தேவை என்றால் சாதாரண வகை போதும், ஆனால் இரவில் அயலவர் உறக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காஸைப் பொறுத்தவரை, 1,000 வாற்றுச் சுமையில் ஒரு சிறிய இயந்திரம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ எரிக்கும் எனக் கொள்ளலாம். அப்படியானால் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று ஒரு முழு நாளுக்குப் போதும். 5 கிலோ சிலிண்டரிலிருந்து அதிக வேகத்தில் காஸை இழுத்தால் அது குளிர்ந்து அழுத்தம் குறையும். அதைவிடச் சிறியவை இதற்கு உதவா. பெற்றோல் சில மாதங்களில் பழுதாகிக் காபரேற்றரில் பிசினாகப் படியும், காஸ் அப்படிப் பழுதாகாது. ஆண்டில் சில நாட்களே இயக்கப்படும் இயந்திரத்துக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே காஸை முதன்மை எரிபொருளாகவும், பெற்றோலை அவசரத் துணையாகவும் வைத்திருப்பது சிறந்தது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சரிந்தால் திரவமாகவே காஸ் குழாய்க்குள் வந்துவிடும். 2021ஆம் ஆண்டு இறுதியில் நாடெங்கும் நிகழ்ந்த காஸ் கசிவு விபத்துகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறை பொருத்திய பின்னரும் மூட்டுகளில் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழ் எழுகிறதா எனப் பார்க்க வேண்டும். காஸ் காற்றைவிடப் பாரமானது என்பதால் கசிந்தால் மேலே போகாது. தரையோடு பரவி, வடிகாலிலும் கிணற்றுக்குள்ளும் இறங்கித் தேங்கும். கிணற்றுக் கட்டுக்கு அருகே சிலிண்டரை வைப்பதை இதனால்தான் தவிர்க்க வேண்டும்.

இயந்திரத்தை வைக்கும் இடம் பற்றிச் சற்று அழுத்தமாகவே எழுத வேண்டியிருக்கிறது. மழை பெய்கிறது என்று விறாந்தையிலும், திருடர் பயம் என்று கராஜுக்குள்ளும் வைத்து இயக்குவதைக் காண்கிறோம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, வாந்தி, மயக்கம் என்று உணர்வதற்குள், உறங்கிக்கொண்டிருப்பவர்கள் எழும்பாமலே போகக்கூடும். காஸில் ஓடினால் புகை சுத்தம் என்ற எண்ணமும் இந்த விடயத்தில் தவறானது. காஸ் எரிந்தாலும் அந்த நச்சு வாயு வெளிவரும். யன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கும் அயல் வீட்டுக்கும் எதிர்ப்புறமாக இருக்கும்படி, வளவின் திறந்த பகுதியில் வைக்க வேண்டும். நான்கு கால் நட்டு மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்தபடி விட்டால் மாரி மழைக்கும் காப்பு, காற்றோட்டமும் தடைப்படாது. புகைக்குழாயின் முன்னே கிடுகு வேலி இருக்கக் கூடாது. காய்ந்த கிடுகு அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ள அதிக நேரம் செல்லாது. நச்சு வாயு கூடினால் தானாக நின்றுவிடும் வசதியுள்ள இயந்திரங்கள் இப்போது வருகின்றன. சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

வீட்டு இணைப்பைப் பற்றி இன்னொன்று. இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரைச் சுவர்ப் பிளக்கில் செருகும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்த மின்சாரம் மீற்றர் வழியாகத் திரும்பிச் சென்று, வீதியிலுள்ள டிரான்ஸ்போமரில் உயர் அழுத்தமாக மாறி, கம்பி துண்டிக்கப்பட்டிருக்கிறது என நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்சார சபை ஊழியரைக் கொல்லக்கூடும். புயலுக்குப் பின் எங்களுக்காக மழையில் நிற்பவர் அவர். மின்சார சபை இணைப்பும் ஜெனரேற்றர் இணைப்பும் ஒருபோதும் ஒன்றுசேராதபடி செய்யும் மாற்று ஆளி ஒன்றை, புவித்தொடுப்புடன், தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு பூட்டுவதற்கான செலவை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கூரையில் சூரியப் படலம் உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: பற்றறி இல்லாத சாதாரண இணைப்பு, மின்சார சபையின் மின்சாரம் நின்றதும் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். அதை ஜெனரேற்றரைக் காட்டி ஏமாற்றி இயங்கவைக்க முயன்றால் ஜெனரேற்றரே பழுதாகிவிடக்கூடும்.

பராமரிப்பு கடினமானதல்ல. முதல் 20 மணித்தியால ஓட்டத்தின் பின் ஒயிலை மாற்றுவது, பெற்றோலில் ஓட்டினால் காபரேற்றரை வற்றவிட்டு நிறுத்துவது, செம்மண் தூசி படியும் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வது, மாதம் ஒருமுறை சுமையுடன் கால் மணித்தியாலம் இயக்குவது ஆகியவை போதும்.

வர்த்தகர்களிடம் எனது வேண்டுகோள், காஸில் தொடர்ந்து தரும் வாற்று அளவையும், எத்தனை குதிரைவலு மோட்டாரைத் தொடக்கும் என்பதையும் தமிழில் எழுதி இயந்திரத்தில் ஒட்டுங்கள் என்பதே. மாற்று ஆளியையும் எமது சிலிண்டருக்குப் பொருந்தும் றெகுலேற்றரையும் சேர்த்தே விற்பனை செய்யுங்கள். மின்சார சபையின் பிரதேச அலுவலகங்கள், மாற்று ஆளி பூட்டும் முறையை விளக்கும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தை மாரிக்கு முன்னர் மின் கட்டணப் பட்டியலுடன் சேர்த்து வழங்க முன்வர வேண்டும். தங்கள் பத்திரிகையும் இது குறித்து அனுபவமுள்ள மின் பொறியியலாளர் ஒருவரின் கட்டுரையை வெளியிட்டால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.