ஏர்கூலர் வாங்கச் சொன்னாயே, அதற்குப் பதில்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது நல்ல சேதி. மதுரை வெயிலுக்குப் புது ஏர்கூலர் அவ்வளவு சுகமாக இருக்கிறது, நீயும் ஒன்று வாங்கு, ஏசிக்குக் கரன்ட் பில் கட்டி ஏன் சாகிறாய் என்று கேட்டிருந்தாய். எனக்கும் ஆசைதான். ஆனால் சென்னையில் அது வேலைக்கு ஆகாது.

கூலர் என்ன செய்கிறது என்று பார். நனைந்த பட்டையின் வழியாகக் காற்றை இழுக்கிறது. தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல், அதை அந்தக் காற்றிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. மண்பானையும் நம் வேர்வையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் காற்று ஏற்கெனவே நீராவியோடு இருந்தால் பட்டையிலிருந்து எவ்வளவு தண்ணீர்தான் கிளம்பும்?

உங்கள் ஊரில் மே மாத மத்தியானம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள். மிக நல்ல கூலர் அந்தக் காற்றை 26 டிகிரி பக்கம் வரை இறக்கலாம், அதற்குக் கீழே எந்தக் கூலராலும் முடியாது. இங்கே அதே நேரம் 37 டிகிரி, 52 சதவீதம். கணக்குப்படி பார்த்தாலே 28, 29-க்குக் கீழே இறங்காது, கடையில் விற்கிற கூலர் அது வரைக்கும்கூட வராது. வந்தாலும் அறையில் இருப்பது கிட்டத்தட்ட முழு ஈரக் காற்று. அதில் உட்கார்ந்தால் உடம்பில் வேர்வை காயாது, கசகசவென்று ஒட்டும். இதில் ஜன்னலைச் சாத்திவிட்டு கூலர் போடுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள், அந்தக் கொடுமையைச் சொல்லி மாளாது.

இன்னொன்று. இங்கே காலையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று செய்தியில் சொல்வார்கள், மத்தியானம் 52 என்பார்கள், காற்று காய்ந்துவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை. காலை 29 டிகிரியில் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி, மத்தியானம் 37 டிகிரியில் 52 சதவீதம் என்றாலும் அதே 23 கிராம்தான். சூடான காற்றில் இன்னும் நிறைய ஆவிக்கு இடம் உண்டு என்பதால் சதவீதம் குறைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் 40 டிகிரிக் காற்றில் இருப்பது 15 கிராம் போல. அதனால் நான் இப்போது சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை, செல்போனில் டியூ பாயின்ட் பார்க்கிறேன், அதாவது காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் ஆவி தண்ணீராகத் திரும்பும் என்கிற அளவு. அது 25-ஐத் தொட்டால் புழுக்கம் உயிரை எடுக்கும், வெப்பம் 34 ஆனாலும் சரி, 37 ஆனாலும் சரி.

வேடிக்கை என்னவென்றால், மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடித்து, கடற்காற்று உள்ளே வர முடியாமல் 41, 42 என்று எகிறும் நாட்களில் இங்கேயும் கூலர் நன்றாக வேலை செய்யும், காற்று காய்ந்திருக்குமே. அப்படிப்பட்ட நாட்கள் சிலதான், அதற்காக ஒரு கூலரா?

ஏசிக் குழாயில் சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறேன். ஒரு இரவில் வாளி பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. அத்தனையும் அறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஆவி. அது தண்ணீராகும்போது விடுகிற வெப்பத்தையும் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும், பில் ஏறாமல் என்ன செய்யும்!

ஒரு வேலை செய். சாதாரண தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத் துணி சுற்றி, மத்தியானம் ரெண்டு மணிக்கு மின்விசிறிக்கு நேரே சற்று நேரம் பிடித்து, எத்தனை காட்டுகிறது என்று எழுது, உன் கூலர் காற்றை அதற்குக் கீழே இறக்க முடியாது. அப்புறம் ஐப்பசி மழையில் அதே கூலரைப் போட்டுப் பார்த்து அதையும் எழுது.

அன்புடன்,
ரவி